பத்தாரா ஊரின் ஆத்துமாக்கள்

அக்டோபர் 14, செவ்வாய்

நம் மறைமாவட்டத்துக்குத் துணை ஆயர் கிடைத்துவிட்டார். ரோமையிலும் இங்கும் ஒரே நேரத்தில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அதனால் பிற்பகலில் எல்லோரையும் ஆயர் இல்லத்துச் சிற்றாலயத்தில் கூட்டி வைத்து ஆயர் தாளைப் பிரித்து வாசித்தார். அருள்தந்தை கஸ்பார் வாஸ். குருமடத்தில் என்னோடு ஒரே வகுப்பு. லத்தீனில் இரண்டு முறை கோட்டை விட்டவர். மூன்றாம் முறை நான்தான் கூட உட்கார்ந்து கரையேற்றினேன்.

கைதட்டினோம். நான் நன்றாகவே தட்டினேன். பக்கத்தில் நின்ற பொருளாளர் எதற்கு என் முகத்தையே பார்த்தார் என்று தெரியவில்லை. நான் புது அங்கி போட்டிருந்தது பழையது சலவைக்குப் போயிருந்ததால். முடிவெட்டிக்கொண்டதும் வெயிலுக்காகத்தான்.

துணை ஆயருக்குச் சொந்தமாக மறைமாவட்டம் கிடையாது. ஆனால் ஊர் இல்லாமல் ஆயரை அபிஷேகம் செய்யும் வழக்கமும் திருச்சபையில் இல்லை. ஆகவே எப்போதோ அழிந்துபோன பழைய ஊர் ஒன்றின் பெயரைக் கொடுத்து ‘இந்த ஊரின் ஆயர்’ என்பார்கள். அங்கே கோயிலும் இராது, சனமும் இராது. பட்டம் மட்டும்தான். கஸ்பாருக்குக் கிடைத்திருப்பது பத்தாரா. இன்றைய துருக்கியின் தென்கடற்கரை. பவுல் அடிகளார் கப்பல் மாறிய துறைமுகம். காலியாக இருக்கும் ஊர்களின் பட்டியலைச் சில மாதங்களுக்கு முன் பொது அறிவுக்காகப் புரட்டியபோது இதையும் பார்த்த ஞாபகம். எனக்கென்னவோ தெர்மோபிலே என்ற பெயர்தான் கம்பீரமாகப் பட்டது. யாருக்குக் கொடுத்தாலும் என்று சொல்கிறேன்.

சாப்பாட்டில் பாயசம். வேண்டாம் என்றேன். “சாமிக்கு சுகர் வந்துட்டா?” என்றார் சமையல்காரர். வரவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஆயர் இல்லச் செயலர் என்றால் எல்லா வேலையும் என் தலையில்தான். பந்தல், அழைப்பிதழ், மேடை, வரும் ஆயர்களுக்கு அறை, அந்த அறைகளில் ஓடாத மின்விசிறி. இத்தனைக்கும் நடுவே ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒரே சந்தேகம், பத்தாரா என்றால் என்ன. கன்னியர் மடத்திலிருந்து போன். கல்லூரியிலிருந்து போன். பத்திரிகைக்காரர் ஒருவர் அது பத்தமடையா என்று கேட்டார்.

மதியம் சோற்றில் கை வைத்த நேரத்தில் இன்னொன்று. “சாமி, தொம்மை பேசுதேன். கஸ்பார் சாமிக்க அண்ணன், சிலுவைத்துறையில இருந்து. அந்தப் பத்தாரா எங்கன இருக்கு சாமி?”

“துருக்கியில” என்று சொல்லி வைத்துவிட்டேன். பதில் சரியான பதில்தான்.

அக்டோபர் 18, சனி

அச்சகத்திலிருந்து அழைப்பிதழ் மாதிரி வந்தது. ஆயர் சின்னத்தின் கீழே லத்தீனில் ‘எபிஸ்கோபுஸ் பத்தாரா’ என்று போட்டிருக்கிறார்கள். தமிழில் ‘மதுரை ஆயர்’ என்று ஊர்ப்பெயரைச் சும்மா முன்னால் வைத்துவிடலாம். லத்தீனில் அப்படி வைத்தால் ஆயரும் பத்தாராவும் ஒன்றையொன்று தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ‘பத்தாரென்சிஸ்’ என்று வரவேண்டும். திருத்தி அனுப்பினேன். ‘பத்தாரா என்சிஸ்’ என்று இரண்டு சொல்லாக வந்தது. மறுபடி அனுப்பினேன். என்சிஸ் என்பது சாமியின் இனிஷியலா என்று கேட்கிறார்கள்.

அந்தப் பெயர் உள்ளபடி ஒருமையே அல்ல. கிரேக்கத்தில் ‘தா பத்தாரா’, அஃறிணைப் பன்மை. லத்தீனும் அதை அப்படியே வாங்கிக்கொண்டது: பத்தாரா, பத்தாரோரும், பத்தாரிஸ். ஏத்தன்ஸ், தீப்ஸ் எல்லாம்கூட இப்படிப் பன்மைப் பெயர்கள்தான். பிற்கால லத்தீன் விவிலியத்தில் யாரோ அதைப் பெண்பால் ஒருமையாக்கிவிட்டார்கள். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன்னாலும் அச்சகக்காரர்கள் இருந்திருக்கிறார்கள் போலும்.

அக்டோபர் 20, திங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். சிலுவைத்துறை முனையில் பெரிய பிளெக்ஸ். ஒரு பக்கம் கஸ்பார் சிரிக்கிறார், மறுபக்கம் விமானம் கிளம்புகிறது. ‘துருக்கி தேசம் பத்தாரா மாநகரின் ஆயராகச் செல்லும் எங்கள் ஊர் மைந்தரைக் கண்ணீரோடு வழியனுப்பும் விசைப்படகு நண்பர்கள்.’

மாநகராம்!

அக்டோபர் 21, செவ்வாய்

கஸ்பார் வந்திருந்தார். நான் எழுந்து நின்று, “வாருங்கள் ஆண்டவரே” என்றேன்.

“என்னல இது?” என்றார். “நாப்பது வருசமா ஏலன்னு கூப்பிட்டுட்டு இப்ப என்ன வாருங்கள் போருங்கள்?”

“பதவிக்குரிய மரியாதை” என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. நான் என்ன செய்ய? மரியாதை கொடுத்தாலும் தப்பா?

உட்கார்ந்தார். மேசையில் இருந்த காகிதக் கல்லை உருட்டிக்கொண்டே, “பயமா இருக்குல ஞானம்” என்றார். “எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடம் நடத்துனேன், புயல்ல கஞ்சி ஊத்துனேன். உன் பேரத்தான் போடுவாங்கன்னு நினைச்சேன். எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம்.”

அழைப்பிதழின் மூன்றாம் திருத்தத்தை அவர் முன்னால் நகர்த்தினேன்.

அவர் வந்த காரியம் வேறு. அபிஷேகத்தின் தொடக்கத்தில், ‘இவரை நியமித்ததற்கு ரோமையின் ஆணை இருக்கிறதா?’ என்று திருப்பொழிவு செய்யும் ஆயர் கேட்பார். ‘இருக்கிறது’ என்று ஒருவர் எழுந்து அதை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, லத்தீனிலும் தமிழிலும் வாசிக்க வேண்டும். வாசித்து மக்கள் ‘இறைவனுக்கு நன்றி’ என்று சொன்ன பிறகுதான் மேலே எதுவும் நடக்கும். “அத நீ வாசிக்கணும்” என்றார். “நீ வாசிச்சாத்தான் எனக்கே நம்பிக்க வரும்.”

அபிஷேகம் நடக்கும் நவம்பர் 25 அன்றுதான் எனக்குக் கண்புரை ஆபரேஷன் என்றேன். கண் மருத்துவமனையில் தற்செயலாக அந்தத் தேதிதான் அமைந்தது. (எந்தத் தேதி வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். ஏதாவது ஒரு தேதி சொல்லித்தானே ஆகவேண்டும்.)

“பொருளாளர் வாசிப்பார்.”

“அவருக்கு லத்தீன் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரிந்த அளவு தெரியும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, “ஒரே ஒரு ஊருக்கு எதுக்குல பன்மை?” என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அக்டோபர் 24, வெள்ளி

மின்விசிறி சரியாகவில்லை. பந்தல்காரர் வரவில்லை. எரிச்சல்.

அக்டோபர் 27, திங்கள்

கஸ்பாரின் தாயார் மிக்கேலம்மாள் சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாயிற்றாம். மகனைக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள் என்று படுத்துவிட்டாராம். கஸ்பாரே போய், நான் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருப்பேன் என்று சத்தியம் செய்தும் நம்பவில்லையாம். கணவரும் இப்படித்தான், இந்தா வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருநாள் கடலுக்குப் போனவராம். தொம்மை போனில் சொன்னது: “துருக்கின்னு சொன்னது ஞானாதிக்கம் சாமி. அவரு வாயால இல்லன்னு சொன்னாத்தான் கஞ்சி குடிப்பேங்குதாவ. அவருக்கு இனிப்பாப் பேசத் தெரியாது, அதனால பொய் சொல்ல மாட்டாருங்குதாவ.”

ஆயர் என்னைக் கூப்பிட்டு, “போயிட்டு வாங்க ஃபாதர்” என்றார். குரலில் அது வேண்டுகோளாக இல்லை.

ஒரு கேள்விக்கு ஒழுங்கான விடை சொன்னதற்கு இது தண்டனை.

அக்டோபர் 29, புதன்

சிலுவைத்துறைக்குப் போய் வந்தேன். பேருந்தில் என் காலடியில் யாரோ மீன்கூடையை வைத்துவிட்டார்கள். அங்கி நாறுகிறது.

மிக்கேலம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பனையோலைப் பெட்டி ஒன்று, மூடி கொள்ளாமல். உள்ளே கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், விபூதிப் புதனுக்கு வைத்திருந்த குருத்தோலை, ஒரு கம்பளி மப்ளர். மகன் பயணத்துக்கு.

“அம்மா, நான் ஞானாதிக்கம் வந்திருக்கேன். கஸ்பார் எங்கயும் போகல” என்றேன்.

திரும்பினார். “நீருதான துருக்கின்னு சொன்னீரு?”

“ஊர் துருக்கியில இருக்கு. அவர் இங்க இருப்பார்.”

“ஊரு அங்கன, சாமியாரு இங்கனன்னா? அந்த ஊர்ச் சனம் என்ன சொல்லும்?”

“அங்க சனமே இல்லம்மா. ஊர் அழிஞ்சுபோச்சு. துறைமுகத்துல மண் அடைச்சிட்டு. கோயில், கடைத்தெரு எல்லாம் மணல்ல புதைஞ்சுபோச்சு. இப்ப வெறும் கடற்கரைதான்.”

எழுந்து உட்கார்ந்தார். அப்பாடா, வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மணல் மூடிய ஊர் என்றதும் அவர் முகம் வேறாகிவிட்டது. இவர்களுடைய பழைய கோயிலும் கடலோரத்தில் மணலுக்குள்தான் கிடக்கிறது. கோபுரத்துச் சிலுவை மட்டும் வெளியே தெரியும்.

“யாருமே மிச்சம் இல்லியா?”

“இல்ல.”

“பேரு மட்டும் இருக்கா? பத்தாரான்னா என்ன சாமி அர்த்தம்?”

நான் இதற்கா வந்தேன்? ஆனால் பொருளாளர் உட்பட இதுவரை யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். அது கிரேக்கச் சொல்லே அல்ல, அந்தக் கரையில் முன்பே இருந்த சனங்களின் சொல், அவர்கள் பழைய எழுத்தில் ‘ப்த்தரா’ என்று வெட்டியிருக்கிறார்கள் என்றேன். கிரேக்கர் தங்கள் வாய்க்கு வந்தபடி ஒரு கதை கட்டினார்கள். பத்தாரா என்றால் பெட்டி. ஒரு சிறுமி தன் தெய்வத்துக்குப் படைக்க வில், அம்பு, யாழ் மாதிரியெல்லாம் பலகாரம் செய்து பெட்டியில் வைத்து எடுத்துப்போனாள். களைத்துப்போய்க் கடற்கரையில் இறக்கி வைத்தாள். காற்று அடித்துப் பெட்டி கடலில் விழுந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். பெட்டி மிதந்து போய் ஒதுங்கிய இடத்தில் ஊர் உண்டாயிற்று. பிற்காலத்தார் எழுதிவைத்த கட்டுக்கதை, சொல்லாராய்ச்சிப்படி இதற்கு ஆதாரம் போதாது என்பதையும் சொன்னேன்.

“அந்தப் பிள்ளைய வீட்ல அடிச்சாவளா?” என்று கேட்டார் மிக்கேலம்மாள்.

“தெரியாதும்மா. எழுதல.”

“அடிச்சிருப்பாவ. பலகாரம் போச்சுல்லா.” கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். “பேரு ஒத்தையா, பன்மையான்னு உமக்கும் எம் மவனுக்கும் சண்டையாம்ல?”

கஸ்பார் எதைத்தான் வீட்டில் சொல்லாமல் இருக்கிறார்! சண்டை இல்லை, பன்மைதான் என்றேன்.

“அப்ப நெறைய பேரு செத்திருக்காவ” என்றார். “சாமி, அவங்களுக்கெல்லாம் கல்லறைத் திருநாளுக்கு யாரு மெழுகுதிரி கொளுத்துதா?”

கஞ்சி வந்தது, குடித்தார். நான் கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

கண் மருத்துவமனைக்குப் போனேன். அவசரம் ஒன்றும் இல்லை, இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம் என்கிறார் டாக்டர். வந்த தேதியை விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 1, சனி

சிலுவைத்துறையில் மறுபடியும் பைத்தியக்காரத்தனம். கல்லறைத் தோட்டத்தில் பத்தாரா ஊர்க்காரர்களுக்கென்று தனியாக மணலில் ஒரு மேடு குவித்து, சிலுவை நட்டு, நாளைக்கு மெழுகுதிரி வைக்கப் போகிறார்களாம். செத்தவர் யாரும் இல்லாத கல்லறை! எந்தத் திருவழிபாட்டு நூலில் இருக்கிறது? பங்குச் சாமியார் நேற்றுப் பட்டம் வாங்கிய பையன், “ஊர் கேக்க மாட்டேங்குது ஃபாதர்” என்கிறார். நாளைக்கு நானே போய் நிறுத்த வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

நிறுத்தத்தான் போனேன்.

பொழுது சாயும் நேரம். கல்லறைத் தோட்டம் முழுவதும் சனம். மண்ணைக் கூட்டி, வெள்ளையடித்து, சிலுவைக்குச் செவ்வந்தி மாலை போட்டு, ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளிப்பார்; வீட்டார் செத்தவர் பெயரைச் சொல்வார்கள்; எல்லோரும் அவருக்காக இளைப்பாற்றிச் செபம் சொல்வார்கள். இது இங்கே வழக்கம். கடல்பக்கம் சுவரோரமாகத்தான் அந்த மேடு. இருப்பதிலேயே பெரிய மேடு அதுதான். பன்மை என்று நான் சொன்னதன் விளைவு.

சுற்றிலும் அத்தனை மெழுகுதிரி. காற்று அணைக்க அணைக்கப் பிள்ளைகள் கொளுத்திக்கொண்டே இருந்தார்கள். மிக்கேலம்மாளின் பனையோலைப் பெட்டி சிலுவையடியில் இருந்தது. கருவாட்டை எடுத்துவிட்டு முறுக்கும் அச்சுப் பலகாரமும் வைத்திருந்தார். ஒன்று வில் மாதிரி இருந்தது. இன்னொன்று யாழ் என்று நினைக்கிறேன், நண்டு மாதிரி இருந்தது.

தொம்மையைக் கூப்பிட்டு, “இதெல்லாம் சரியில்ல” என்று ஆரம்பித்தேன். அதற்குள் பங்குச் சாமியார் தீர்த்தச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். கோழை.

“பேரு என்ன சொல்லணும் சாமி?” என்றார் மிக்கேலம்மாள். “இங்கன யாருக்கும் ஒரு பேரு கூடத் தெரியல. உமக்குத்தான் தெரியும்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஒரு பெயர் தெரியும். நிசேயா பொதுச்சங்கத்துக்குப் போன பத்தாரா ஆயர் யூதேமுஸ். புத்தகத்தில் ஒரு வரி. நாற்பது வருடமாகத் தலையில் கிடக்கிறது, யாருக்கும் பயன்பட்டதில்லை. “யூதேமுஸ்” என்றேன்.

“யூதேமுஸ்” என்றது கூட்டம்.

“பெட்டியத் தொலைச்ச பிள்ள” என்றார் மிக்கேலம்மாள்.

அது கட்டுக்கதை, அவள் கிறிஸ்தவளும் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். தீர்த்தத்தைத் தெளித்தேன்.

பிறகு மிக்கேலம்மாள் என் பக்கம் திரும்பி, “உம்ம ஊரு எது சாமி? உம்ம ஆளுங்க கல்லறை எங்கன இருக்கு? இன்னிக்கு நீரு போவாண்டாமா?” என்று கேட்டார். அம்மாவும் அப்பாவும் போய் வெகுகாலம் ஆயிற்று, உடன்பிறந்தார் இல்லை, ஆயர் இல்லத்திலேயே இருந்துவிட்டேன், பங்குச் சாமியாராக எந்த ஊரிலும் இருந்ததில்லை என்றேன்.

“அப்ப உமக்கும் ஊரு இல்ல, சனம் இல்ல” என்றார். பரிதாபமாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். பிறகு கையில் ஒரு மெழுகுதிரியைத் திணித்தார். நான் திரும்பும்போது காகிதத்தில் பொதிந்து முறுக்கும் கொடுத்தார். பேருந்தில் தின்றுகொண்டே வந்தேன். உப்பு கொஞ்சம் கூடுதல்.

நவம்பர் 5, புதன்

அழைப்பிதழ் வந்துவிட்டது. பத்தாரென்சிஸ் சரியாக இருக்கிறது. என் பெயரில் எழுத்துப்பிழை.

நவம்பர் 13, வியாழன்

பொருளாளரை ஆணைக்கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். கேட்கச் சகிக்கவில்லை. ஆங்கிலம் மாதிரி வாசிக்கிறார். பத்தாரா என்று வரும் இடத்தில் இருமினார். அந்த இடத்திலா இருமுவது? அத்தனை பேர் இருந்த ஊர்.

நவம்பர் 19, புதன்

கண் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஒரு வருடம் பொறுக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கும்போது அவசரப்படுவது மடத்தனம். பொருளாளரின் உச்சரிப்புதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. கஸ்பாரிடம் சொல்லவில்லை. அன்று பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பந்தலில் ஒரு மூலை ஒழுகியது. கர்நாடகத்திலிருந்து வந்த ஆயர் ஒருவரின் செங்கோல் ரயிலிலேயே தங்கிவிட்டது. மைக் கத்தியது. பாடகர் குழு எல்லாவற்றையும் இழுத்துப் பாடியது. நான் எதிர்பார்த்தபடிதான் எல்லாம்.

சிலுவைத்துறைச் சனம் பஸ் பஸ்ஸாக வந்து பின்வரிசைகளை நிறைத்திருந்தது. மிக்கேலம்மாள் முன்வரிசையில், மடியில் அந்தப் பெட்டி.

“இவரை நியமித்ததற்குத் திருத்தந்தையின் ஆணை இருக்கிறதா?”

பொருளாளர் எழவில்லை. நான் எழுந்தேன். கஸ்பார் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாய் பாதி திறந்தபடி இருந்தது. அன்று குருமடத்தில் லத்தீன் தேர்வு முடிவுப் பலகைக்கு முன்னால் நின்ற அதே முகம்.

“இருக்கிறது” என்றேன். மைக் கத்தவில்லை.

லத்தீனில் வாசித்து முடித்தேன். யாரும் அசையவில்லை. பிறகு தமிழ். “...அன்பு மகன் கஸ்பார் வாஸ் அவர்களை, பத்தாரா நகரின் ஆயராக...”

பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு எழும்பியது. முதலில் மழை என்று நினைத்தேன். சிலுவைத்துறைச் சனம் மொத்தமும் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தது. செத்தவர் பெயரைக் கேட்டால் இவர்களுக்கு வாய் தானாக வரும்.

“நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் சுவாமி...”

மேடையிலிருந்த ஆயர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சடங்குகளைக் கவனிக்கும் சாமியார் என்னைப் பார்த்துக் கையால், வாசி, வாசி என்று சைகை செய்தார். வெளியூர் ஆயர்கள் முன்னால் எவ்வளவு அவமானம்! இதற்காகவா இத்தனை நாள் பாடுபட்டேன்? திருப்பொழிவின் நடுவே இறந்தோர் செபம்! திட்ட வேண்டும் போலிருந்தது.

கடிதத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் முடிக்கும்வரை நின்றேன். அவசரப்படுத்தவில்லை. ஊர் பெரிய ஊர்.

“ஆமென்” என்றேன், மைக்கில்.

பிறகு எஞ்சியதை வாசித்து, கடிதத்தை உயர்த்திக் காட்டினேன். ‘இறைவனுக்கு நன்றி’ என்று பந்தலே சொன்னது. கஸ்பார் சடங்குப்படி தரையில் முகம் படியக் கிடந்தபோது புனிதர் மன்றாட்டு பாடினார்கள். எனக்குத் தாள் சரியாகத் தெரியவில்லை, மனப்பாடமாகப் பாடினேன்.

எல்லாம் முடிந்து, பூசை உடுப்பு மாற்றும் சக்ரீஸ்தில் கூட்டம் நெரிந்தது. புது ஆயரின் மோதிரத்தை முத்தி செய்ய வரிசை. நானும் நின்றேன். என் முறை வந்தபோது அவர் கையை நீட்டவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டார். தலையில் மைட்டர் கோணலாக இருந்தது, அதையாவது யாராவது சரிசெய்யக்கூடாதா?

“ஏல ஞானம், என்னல அழுத?” என்றார்.

“ஏல, கண்ணுல புரை” என்றேன். “ஆபரேசன் பண்ணணும்.”